டெஸ்ட் எடுத்த இடத்திலேயே மெஷின் வாங்கலாமா?

கேள்வி இது: "அப்பாவுக்கு 58 வயது. பயங்கரக் குறட்டை, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுகிறார். கோவையில் ஒரு தூக்க கிளினிக்கில் ஓர் இரவு டெஸ்ட் எடுத்தோம். ஸ்லீப் ஆப்னியா, ஏஎச்ஐ 22 என்கிறார்கள். அங்கேயே 88,000 ரூபாய்க்கு சிபாப் மெஷின் இருக்கிறது, இன்றே எடுத்துக்கொண்டால் டெஸ்ட் காசைக் கழித்துக்கொள்வோம் என்றார்கள். இது வைத்தியமா, வியாபாரமா? அங்கே வாங்கலாமா?"

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். டாக்டர் இல்லை. பதினாறு வருடமாக மற்றவர்கள் தூங்குவதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பதுதான் பிழைப்பு. ஸ்லீப் லேப் டெக்னீசியன். நடுவில் இரண்டு வருடம் ஒரு மெஷின் டீலரிடம் வேலை பார்த்தேன். இந்தப் பதிலில் பாதி அந்த இரண்டு வருடத்தில் கற்றுக்கொண்டது. இப்போது இரண்டு மருத்துவமனைகளுக்கு ரிப்போர்ட் ஸ்கோர் செய்து, அதாவது இரவுப் பதிவில் மூச்சு நின்ற இடங்களை எண்ணிக் குறித்துக் கொடுக்கிறேன். மெஷின் விற்பதில்லை.

ஸ்லீப் ஆப்னியா என்றால் தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு அடிக்கடி நிற்பது. ஏஎச்ஐ அதன் கணக்கு, பிறகு விரிவாகச் சொல்கிறேன். சிபாப் என்பது மாஸ்க் வழியே காற்றை ஊதித் தொண்டை அடைபடாமல் வைக்கும் மெஷின். உங்கள் அப்பாவுக்கு நோய் இருக்கிறதா என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. குறட்டை, பகல் தூக்கம், அதற்கு மேல் 22. மூன்றும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. எனக்கு உறுத்துவது "இன்றே" என்கிற ஒரு சொல்தான். ஸ்லீப் ஆப்னியா ஒரு ராத்திரியில் வந்த வியாதி கிடையாது. உங்கள் அம்மாவைக் கேட்டால் பத்து வருடமாகக் குறட்டை என்பார். பத்து வருடம் இருந்த நோய்க்கு இன்று சாயங்காலத்துக்குள் மெஷின் வாங்கியாக வேண்டும் என்றால், அவசரம் நோயாளிக்கு இல்லை.

கிளினிக்குகள் ஏன் மெஷின் விற்கின்றன என்பதை முதலில் பார்த்துவிடலாம். லேபில் ஓர் இரவு டெஸ்ட் எடுப்பது லேசான வேலை அல்ல. ஒரு டெக்னீசியன் இரவு முழுக்க விழித்திருக்க வேண்டும்; அவர் இரண்டு பேரைப் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு மேல் முடியாது. தலையில் மூளை அலைக்கு, கண் ஓரத்தில், தாடையில், காலில் என்று ஒயர்கள். மூக்கில் காற்றோட்டம் பார்க்க ஒரு குழாய், மார்பிலும் வயிற்றிலும் பெல்ட், விரலில் ஆக்சிஜன் கிளிப். ஒட்டவே முக்கால் மணி நேரம் ஆகும். காலையில் பேஸ்டைத் துடைத்து அனுப்பிவிட்டு, அந்த ஏழு மணி நேரப் பதிவை முப்பது முப்பது விநாடியாகப் பார்த்து ஸ்கோர் செய்ய இன்னும் இரண்டு மணி நேரம். இத்தனைக்கும் நம் ஊரில் வாங்குவது பத்திலிருந்து இருபதாயிரம். ஏசி ரூம் வாடகை, சம்பளம் போனால் கையில் நிற்பது கொஞ்சம்தான்.

மெஷினில் அப்படி இல்லை. ஒரு பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தால் போதும். அட்டையில் அச்சடித்த எம்ஆர்பிக்கும் டீலருக்கு வந்து சேரும் விலைக்கும் நடுவே, நான் வேலை பார்த்த இடத்தில், எம்ஆர்பியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடம் இருந்தது. அதில் ஒரு துண்டு நோயாளிக்குத் தள்ளுபடியாகப் போகும்; ஒரு துண்டு அனுப்பி வைத்தவருக்குப் போகும். எங்கள் கணக்குப் புத்தகத்தில் அதற்கு "புரொமோஷன்" என்று பெயர். 2021ல் பல்ஸ் ஆக்சிமீட்டர், பிபி மெஷின், நெபுலைசர், தெர்மாமீட்டர், சர்க்கரை பார்க்கும் கருவி, ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் இவற்றுக்கெல்லாம் வியாபார லாபம் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் விலை ஆணையம் கட்டுப்பாடு போட்டது. சிபாப் அந்தப் பட்டியலில் வரவில்லை.

அதனால்தான் "வீட்டுக்கே வந்து இலவச ஸ்லீப் டெஸ்ட்" என்று விளம்பரம் பார்க்கிறீர்கள். ஐயாயிரம், எட்டாயிரம் ஆகிற டெஸ்டை யாரோ ஒருவர் சும்மா எடுத்துக் கொடுக்கிறார் என்றால், அந்தக் காசு எங்கிருந்து திரும்பி வருகிறது என்று கேட்க வேண்டாமா? உங்களுக்குச் சொன்ன "டெஸ்ட் காசைக் கழித்துக்கொள்வோம்" என்பதும் இதன் தம்பிதான்.

சரி, லாபம் இருக்கிறது. அதனாலேயே ரிப்போர்ட் பொய்யாகிவிடுமா? ஆகாது. இந்த இடத்தைத்தான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஏஎச்ஐ என்பது ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்கிற சராசரி. 5க்குக் கீழே சாதாரணம். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. பத்து விநாடியாவது காற்றோட்டம் 90 சதவீதம் விழுந்தால் ஆப்னியா. 30 சதவீதம் விழுந்து, கூடவே ஆக்சிஜன் இறங்கினால் ஹைப்பாப்னியா. சிக்கல் இந்த இரண்டாவதில் இருக்கிறது. ஆக்சிஜன் 3 சதவீதம் இறங்கினாலோ, மூளை சட்டென்று விழித்தாலோ எண்ணலாம் என்பது ஒரு விதி. 4 சதவீதம் இறங்கினால்தான் எண்ண வேண்டும் என்பது இன்னொரு விதி. அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் இதைத்தான் ஏற்கிறது. இரண்டுமே அங்கீகரிக்கப்பட்ட விதிகள். ஒரே ஆளின் ஒரே இரவை முதல் விதியில் எண்ணினால் 16 வரும், இரண்டாவதில் 9 வரும். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் முதல் ரிப்போர்ட்டில் "நடுத்தரம்" என்று அச்சாகும், இரண்டாவதில் "லேசானது" என்று.

ஏஎச்ஐ 60 உள்ளவரிடம் எந்த விதியில் எண்ணினாலும் ஒன்றும் மாறப்போவதில்லை. அவர் எங்கே போனாலும் மெஷின் தேவை என்றுதான் சொல்வார்கள், சரியாகவும் சொல்வார்கள். விற்பவனின் ஆசை புகுந்து விளையாடுவது 5லிருந்து 20 வரை உள்ள அந்த இடைவெளியில். அங்கேதான் "போட்டால் நல்லது, போடாவிட்டாலும் பார்த்துக்கொள்ளலாம்" என்கிற ஆட்கள் இருக்கிறார்கள். எண்ணிக்கையிலும் அவர்கள்தான் அதிகம். 2019ல் லான்செட் ரெஸ்பிரேட்டரி மெடிசின் இதழில் வந்த ஒரு கணக்கு, 30 முதல் 69 வயது வரை உலகம் முழுவதும் கிட்டத்தட்ட 94 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது என்றது. 5ஐத் தாண்டிய எல்லாரையும் சேர்த்துத்தான் அந்த எண். மேடைக்கு மேடை அதைச் சொல்வார்கள். அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது மெஷின் செய்கிற ரெஸ்மெட் கம்பெனி என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். அதற்காக ஆய்வு தப்பு என்று நான் சொல்லவில்லை. எண்ணைக் கேட்கும்போது அதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அவினாசிப் பக்கம் மில் சூப்பர்வைசர் ஒருவர், நாற்பது வயது. வீட்டில் வைத்து டெஸ்ட் எடுத்தது ஒரு டீலரின் ஆள். ரிப்போர்ட்டில் 19. மெஷினுக்கு முன்பணமும் கொடுத்துவிட்டார். அவருடைய மைத்துனர் எனக்குத் தெரிந்தவர் என்பதால் ஃபைலை வாங்கி அனுப்பினார்கள். ரிப்போர்ட்டை விட்டுவிட்டு மூலப் பதிவைத் திறந்தேன். இரவு இரண்டே காலிலிருந்து கிட்டத்தட்ட நாற்பது நிமிடம் மூக்குக் காற்றோட்டக் கோடு தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. அதற்குக் கீழே மார்பு பெல்ட்டும் வயிற்று பெல்ட்டும் அலையலையாக, சீராக ஏறி இறங்குகின்றன. ஆக்சிஜன் 97ல் ஆடாமல் நிற்கிறது. நாற்பது நிமிடம் மூச்சே விடாத மனுஷனுக்கு ஆக்சிஜன் 97ல் நிற்குமா? சாஃப்ட்வேர் அந்த நாற்பது நிமிடத்தில் வரிசையாக அறுபது ஆப்னியா என்று சிவப்புப் பட்டை போட்டு வைத்திருந்தது. போன் செய்து கேட்டேன். "ஆமாங்க தம்பி, ராத்திரி மூக்குல மாட்டுனது கழண்டுபோச்சுங்க. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் கவனிச்சு எந்திரிச்சு மாட்டிக்கிட்டேனுங்க" என்றார். அந்தத் துண்டை வெட்டிவிட்டு எண்ணினால் 10. பகல் தூக்கம் இல்லை, பிபி இல்லை. அவருக்கு உடனே தேவை எடையைக் குறைப்பதும், ராத்திரி தண்ணி போடுவதை நிறுத்துவதும்தான். முன்பணம் திரும்பி வர ஒன்றரை மாதம் ஆனது.

அந்த டீலரின் ஆள் மோசடி செய்தாரா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். சாஃப்ட்வேர் கொடுத்ததை அப்படியே பிரிண்ட் எடுத்தார், ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டார். 4 என்று வந்திருந்தால் யாராவது ஃபைலைத் திறந்து பார்த்திருப்பார்கள். 19 என்று வந்ததால் யாருக்கும் திறக்கத் தோன்றவில்லை. விற்பனை டெஸ்டைக் கெடுப்பது பெரும்பாலும் இப்படித்தான், சத்தமே இருக்காது.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். வீட்டு டெஸ்டில் மூளை அலை பார்ப்பதில்லை; அதனால் அவர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதே தெரியாது. விழித்துக் கிடந்த நேரத்தையும் சேர்த்து வகுப்பதால் எண்ணிக்கை குறைவாகவும் காட்டலாம். "இலவச டெஸ்ட் எடுத்தேன், நார்மல் என்றார்கள்" என்று சொல்லிக்கொண்டு சிக்னலில் தூங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு லேப் டெஸ்ட்தான் சரி.

சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டில் டாக்டர்களுக்கான நடத்தை விதிகள் 2002ல் வந்தவை. 2023 ஆகஸ்டில் புதிய விதிகளை அறிவித்து, அதே மாதமே நிறுத்தி வைத்துவிட்டார்கள். அதனால் 2002 விதிகள்தான் நடப்பில் இருக்கின்றன. அதில் 6.3வது பிரிவு, டாக்டர் மருத்துவக் கருவிகள் விற்கும் கடை நடத்தக் கூடாது என்கிறது. அதே மூச்சில், நோயாளியைச் சுரண்டாத வரையில் டாக்டர் மருந்தோ கருவியோ கொடுப்பது ஒழுக்கக்கேடு அல்ல என்றும் சொல்கிறது. கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த மாதிரி. அடுத்த 6.4 கறாரானது: நோயாளியை அனுப்பியதற்காகவோ பரிந்துரைத்ததற்காகவோ கமிஷன் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. ஆனால் இதெல்லாம் டாக்டரைக் கட்டுப்படுத்தும், டீலரைக் கட்டுப்படுத்தாது. கிளினிக் ஒரு பெயரில், பக்கத்து அறையில் உள்ள மெஷின் கடை வேறொரு பெயரில் இருந்தால், இரண்டும் ஒரே வீட்டுக் கணக்கு என்று நிரூபிப்பது யார் வேலை? பில்லில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள், சில சமயம் அதிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

இந்த விதிகளில் உங்களுக்கு உடனே பயன்படுவது வேறு ஒன்று: நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும். "ரிப்போர்ட் மெஷினோடு சேர்த்துத்தான் தருவோம்" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே பிரிண்டர் ஓட ஆரம்பித்துவிடும்.

அமெரிக்காவில் இதை இன்னும் நேராகப் பிடித்தார்கள். 2009 முதல் மெடிகேர் ஒரு விதி வைத்திருக்கிறது: ஸ்லீப் டெஸ்ட் எடுத்தவரோ அவரைச் சேர்ந்த நிறுவனமோ அதே நோயாளிக்கு சிபாப் கொடுத்தால், அந்த மெஷினுக்குப் பணம் கிடையாது. ஒரே ஒரு விலக்கு, லேபில் ஆள் உட்கார்ந்து பார்த்துச் செய்த முழு டெஸ்ட். வீட்டு டெஸ்டில் கை வைப்பது எவ்வளவு சுலபம் என்று விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இது தவிர, தனக்குப் பங்குள்ள கருவிக் கடைக்கு மெடிகேர் நோயாளியை அனுப்பக் கூடாது என்று டாக்டர்களுக்குத் தனிச் சட்டமே உண்டு.

அதனால் அங்கே எல்லாம் சுத்தமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். 2020 ஜனவரியில் ரெஸ்மெட் 3.75 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அமெரிக்க நீதித் துறையோடு சமரசம் செய்துகொண்டது. டீலர்களுக்கும் ஸ்லீப் லேப்களுக்கும் இலவச சேவைகளையும், மாஸ்க்குகளையும், டெஸ்ட் மெஷின்களையும் கொடுத்து வியாபாரம் பிடித்தது என்பது குற்றச்சாட்டு. 2022ல் ஃபிலிப்ஸ் ரெஸ்பிரானிக்ஸ் 2.4 கோடி டாலர் கட்டியது; எந்த டாக்டர் எவ்வளவு எழுதிக் கொடுக்கிறார் என்ற தகவலை டீலர்களுக்குச் சும்மா கொடுத்து உதவினார்கள் என்பது அங்கே புகார். இரண்டும் சமரசம்தான், தீர்ப்பு இல்லை. குற்றச்சாட்டு என்ற அளவிலேயே நிற்கின்றன. ஆனால் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பழைய "புரொமோஷன்" பக்கத்தை டாலரில் எழுதிய மாதிரி இருந்தது.

இவ்வளவு சொல்லிவிட்டு இப்போது கிளினிக்கின் பக்கம் பேசப் போகிறேன். ஏனென்றால் "அங்கே வாங்காதே, ஆன்லைனில் வாங்கு" என்று சொல்வது இதைவிட மோசமான யோசனை.

1980ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்கிற டாக்டர் வாக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பி வைத்து நோயாளியின் மூக்கில் காற்றை ஊதிப் பார்த்தார், தொண்டை அடைபடவில்லை. அடுத்த வருடம் ஐந்து நோயாளிகளைப் பற்றி லான்செட்டில் எழுதினார். நாற்பது வருடத்தில் மோட்டார் சின்னதாகி, சத்தம் குறைந்து, உள்ளே கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனால் காற்று போய்ச் சேரும் இடம் அதே மனுஷ மூக்குதான், ஒவ்வொரு மூக்கும் ஒரு மாதிரி. மெஷினை யாரும் கோபத்தில் தூக்கி எறிவதில்லை. மாஸ்க்கைத்தான் எறிகிறார்கள்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார், அடர்த்தியான மீசை. ஏஎச்ஐ 48. கிளினிக்கில் 80,000 கேட்டார்கள் என்று மகன் ஆன்லைனில் 54,000க்கு, அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ சிபாப் வரவழைத்தார். கூட வந்தது மூக்கையும் வாயையும் மூடும் பெரிய மாஸ்க். மீசை மேல் ரப்பர் உட்காராமல் காற்று கசிந்து நேராகக் கண்ணுக்குள் அடித்திருக்கிறது. காலையில் கண் சிவந்து, வாய் வறண்டு, நான்காவது நாள் மெஷின் பீரோ மேல் ஏறிவிட்டது. டெஸ்ட் எடுத்த கிளினிக்கில் போய்க் கேட்டால், "எங்களிடம் வாங்கவில்லையே சார்" என்றார்கள். அது அநியாயம்தான், ஆனால் அவர்கள் சொன்னதிலும் கணக்கு இருக்கிறது: மாஸ்க் பொருத்திப் பார்க்கும் ஒரு மணி நேரத்துக்கு நம் ஊரில் தனியாகப் பில் போடும் வழக்கமே இல்லை, மெஷின் லாபத்தில்தான் அது ஓடுகிறது. எட்டு மாதம் கழித்து என்னிடம் வந்தார். மூக்கை மட்டும் மூடும் சின்ன மாஸ்க், பட்டையை இரண்டு விரல் தளர்த்தினேன், காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரை ஏற்றி வைத்தேன், அவ்வளவுதான். "எட்டு மாசம் பீரோவுக்கு சிபாப் போட்டிருக்கேன் தம்பி" என்றார். இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆகவே என் கணிப்பு இது: டெஸ்ட் எடுத்த இடத்தில் மெஷின் இருப்பது குற்றமல்ல. அங்கே வாங்குகிறவர் கூடுதலாகக் கொடுக்கும் இருபது முப்பதாயிரத்துக்கு மூன்று மாதக் கவனிப்பு கிடைக்கிறதா, வெறும் பெட்டி கிடைக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதை விற்கும் முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

நாளைக்கே அங்கே போங்கள், ஆனால் வாங்க அல்ல. முழு ரிப்போர்ட்டையும் கேளுங்கள். முதல் பக்கத்துச் சுருக்கம் போதாது. ஹைப்பாப்னியாவை 3 சதவீதத்திலா 4 சதவீதத்திலா எண்ணினார்கள் என்பது எங்காவது சின்ன எழுத்தில் இருக்கும். அதைவிட முக்கியமாக, படுத்திருந்த நிலையை வைத்துப் பிரித்த கட்டம் ஒன்று இருக்கும். மல்லாந்து படுத்தபோது 41, ஒருக்களித்தபோது 6 என்று உங்கள் அப்பாவுக்கு இருந்தால் கதையே வேறு. முதுகுக்குப் பின்னால் தலையணையைக் கட்டிக்கொண்டு ஒருக்களித்துத் தூங்கியே பாதி வழி போய்விடலாம். மெஷின் விற்கும் இடத்தில் இந்தக் கட்டத்தை யாரும் விரல் வைத்துக் காட்டுவதில்லை, தலையணையில் என்ன லாபம்? பல் டாக்டர்கள் செய்து கொடுக்கும், கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் கருவியும் லேசான, நடுத்தர நோய்க்கு ஒரு வழிதான். உடல் பருமன் உள்ளவர்களுக்கு, எடை குறைக்கும் டிர்செபடைட் ஊசியை இந்த நோய்க்கென்றே அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அனுமதித்தார்கள். விலை மெஷினைப் பார்த்துச் சிரிக்கும், அது வேறு விஷயம்.

அடுத்து டாக்டரின் கையெழுத்தோடு ஒரு மருந்துச் சீட்டு வேண்டும். அதில் கம்பெனி பெயரும் மாடலும் இருக்க வேண்டியதில்லை. சிபாபா, ஆட்டோ சிபாபா, அழுத்தம் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை, எந்த வகை மாஸ்க் என்று இருந்தால் போதும். இந்தச் சீட்டைத் தயங்காமல் எழுதிக் கொடுக்கிற இடத்தில் மெஷினும் வாங்கலாம் என்பது என் அனுபவம். "எங்கள் மெஷினில் மட்டும்தான் இந்த செட்டிங் வரும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அநேகமாக எல்லாக் கம்பெனி சிபாபும் 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தம் வரை ஊதும்.

பேச்சு பைபாப் பக்கம் போனால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மூச்சை இழுக்கும்போது ஓர் அழுத்தம், விடும்போது குறைந்த அழுத்தம் கொடுக்கும் மெஷின் அது. விலையும் கூடுதல். அழுத்தம் 15க்கு மேல் தேவைப்பட்டு, எதிர்த்து மூச்சு விட முடியாமல் திணறுகிறவர்களுக்கும், ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்குகிறவர்களுக்கும், சிஓபிடி என்னும் நாள்பட்ட நுரையீரல் நோய், தசை பலவீனம் உள்ளவர்களுக்கும் அது தேவை. உயிர் காக்கும். ஆனால் 9 சென்டிமீட்டர் அழுத்தத்தில் நிம்மதியாகத் தூங்குகிற ஆளுக்கு "இது இன்னும் அட்வான்ஸ்டு" என்று அதைக் கட்டிவிடுவதையும் பார்த்திருக்கிறேன். ஏன் பைபாப் என்று கேளுங்கள். பதிலில் ரத்தப் பரிசோதனை எண்ணோ, டெஸ்டில் தெரிந்த காரணமோ வர வேண்டும்.

பயமுறுத்தினால் என்ன செய்வது? "மெஷின் போடாவிட்டால் ஹார்ட் அட்டாக் நிச்சயம்" என்பது கடைகளில் ரொம்ப ஓடுகிற வசனம். 2016ல் வந்த சேவ் ஆய்வில், ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ இருந்த 2,717 பேரைப் பார்த்தார்கள். இந்தியாவும் அதில் உண்டு. சிபாப் கொடுத்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஆனால் பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை தேறியது. அதே ஆய்வில் அவர்கள் மெஷினைப் போட்டது சராசரியாக ஒரு ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான். முழு இரவும் போட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. உங்கள் அப்பாவுக்கு மெஷின் எதற்கு என்றால், பகலில் மனுஷனாக விழித்திருப்பதற்கு. அந்தக் காரணமே போதும், சாவைக் காட்டி விற்க வேண்டியதில்லை.

மறக்காமல் வாடகை கேளுங்கள். இரண்டு வாரமோ ஒரு மாதமோ வாடகைக்குக் கொடுத்து, பிடித்தால் வாடகையை விலையில் கழிக்கும் இடங்கள் சென்னை, கோவை, மதுரை எங்கும் இருக்கின்றன. அந்த நாட்களில் மெஷினே கணக்கு வைக்கும். மூன்று எண்களைப் பாருங்கள்: ஒரு ராத்திரிக்கு எத்தனை மணி நேரம் போட்டார், மீதி ஏஎச்ஐ எவ்வளவு (5க்குக் கீழே வர வேண்டும்), கசிவு எவ்வளவு (ரெஸ்மெட் மெஷினில் நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் மாஸ்க் சரியில்லை). அமெரிக்க மெடிகேர், முதல் மூன்று மாதத்துக்குள் தொடர்ச்சியான ஏதாவது முப்பது நாளில், ராத்திரிக்கு நாலு மணி நேரம் வீதம் 70 சதவீத நாட்களாவது போட்டிருந்தால்தான் மெஷினுக்குத் தொடர்ந்து பணம் கொடுக்கும். நாமும் அந்த அளவுகோலை வைத்துக்கொள்ளலாம். வாங்கியபின் இந்தத் தகவல் யார் கையில் இருக்கும் என்றும் கேட்டுவிடுங்கள். சில டீலர்கள் மெஷினைத் தங்கள் கணக்கில் இணைத்துவிட்டு, நோயாளிக்கு ஒரு பச்சை முகத்தையும் மதிப்பெண்ணையும் மட்டும் காட்டுவார்கள். எஸ்டி கார்டு உள்ள மெஷின் என்றால், ஆஸ்கார் என்ற இலவச மென்பொருளில் போட்டு வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே முழுப் பதிவையும் பார்க்கலாம்.

பழைய மெஷின் மலிவாகக் கிடைத்தால் ஒன்று கவனியுங்கள். ஃபிலிப்ஸின் முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன், 2021 ஏப்ரல் 26க்கு முன் தயாரானது என்றால் தொடவே வேண்டாம். உள்ளே சத்தம் அடக்க வைத்த ஃபோம் உதிர்ந்து காற்றோடு மூக்குக்குள் போகலாம் என்று 2021 ஜூனில் லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றார்கள். இங்கே செகண்ட் ஹாண்டில் இன்னும் சுற்றுகின்றன.

இன்சூரன்ஸைப் பெரிதாக நம்ப வேண்டாம். தனியார் பாலிசிகள் பெரும்பாலும் வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் கருவிக்குப் பணம் தருவதில்லை. அப்பா மத்திய அரசு ஊழியர், அவர்களுக்கான மருத்துவத் திட்டமான சிஜிஎச்எஸ்ஸின் கார்டு உண்டு என்றால் மட்டும், வாங்குவதற்கு முன்பே அனுமதிக்கு எழுதிப் போடுங்கள். வாங்கியபின் பில்லைத் தூக்கிக்கொண்டு அலைவது வீண்.

விலையைப் பற்றி: ஹியூமிடிஃபையரோடு நல்ல ஆட்டோ சிபாப் மாடலைப் பொறுத்து 35,000லிருந்து 80,000 வரை போகிறது, மாஸ்க் தனியாக நாலாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம். உங்களிடம் சொன்ன 88,000 மேல்பக்கம் இருக்கிறது, ஆனால் கொள்ளை என்று சொல்ல மாட்டேன், அதற்குள் என்னென்ன அடக்கம் என்று தெரியாத வரை. "மூன்று மாதத்தில் இரண்டு தடவை மாஸ்க் மாற்றிக் கொடுப்பீர்களா, தகவலைப் பார்த்து அழுத்தத்தை யார் மாற்றுவார்கள், ரிப்பேருக்குப் போனால் மாற்று மெஷின் உண்டா" என்று மூன்றையும் கேட்டு, பில்லின் பின்பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதினால் பேரம் பேசி 75,000க்குள் முடித்து அங்கேயே வாங்கிவிடுங்கள். எழுத மறுத்தால் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் மேலே சொன்ன நிதானம் செல்லாது. அப்பா வண்டி ஓட்டுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுகிறவர் ஸ்டியரிங் முன்னாலும் தூங்குவார். தினமும் அவினாசி ரோட்டில் கார் எடுக்கிறவர் என்றால், ரிப்போர்ட், பேரம், இரண்டாவது டாக்டர் எல்லாம் பிறகு. நாளைக்கே வாடகைக்கு ஒரு மெஷின் எடுத்துப் போடுங்கள். அவர் பகலில் தூங்கி விழாமல் இருக்கிற வரை சாவி உங்களிடம் இருக்கட்டும்.